முற்றத்தில் ஒரு மொழிப்பாடம்

நுழையும்முன்

புதிய மொழியொன்றைக் கற்கும் குழந்தைக்கு நூலும் கரும்பலகையும் மட்டும் போதுமா? பிழையாகப் பேசினாலும் பொறுமையோடு கேட்கும் ஒருவர் வேண்டாவா? அத்தகைய தன்னார்வலரின் பணியையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை எண்ணிப் பார்க்கிறது.

மாலை நேரத்து வீடு

திண்டுக்கல் சமவெளியில் மாலைப்பொழுது எல்லோருக்கும் ஓய்வுப்பொழுதன்று. சின்னாளபட்டியின் நெசவாளர் வீட்டில் தறியோசை அடங்கியிராது. நகரத்துச் சந்துகளில் பூட்டுப் பட்டறையிலிருந்து தந்தை அப்போதுதான் திரும்பியிருப்பார். அடுப்படியில் தாளிக்கும் ஓசை, கைக்குழந்தையின் அழுகை, தொலைக்காட்சியின் இரைச்சல் ஆகியவற்றுக்கு நடுவே இரண்டாம் வகுப்புக் குழந்தை ஆங்கில நூலை விரிக்கிறது. படிப்பதைக் கேட்கப் பெற்றோருக்கு விருப்பம் உண்டு, நேரமில்லை. நேரம் வாய்த்தாலும் ஆங்கிலம் அவர்களை அச்சுறுத்துகிறது. இவ்விடத்தில்தான் தன்னார்வலர் தேவைப்படுகிறார்.

இல்லம் தேடி வந்த கல்வி

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கற்றவற்றையும் பல குழந்தைகள் மறந்தனர். இவ்விழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் தொடக்கநிலை மாணவர்க்கும், பட்டம் பெற்றோர் நடுநிலை மாணவர்க்கும் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தனர். வீட்டு முற்றமும் திண்ணையும் வகுப்பறைகளாயின. தன்னார்வலருள் பெரும்பாலோர் பெண்கள்.

அச்சம் அகலும் இடம்

‘அயலிலுள்ள அக்காவுக்கு ஆங்கில உச்சரிப்பு சரியாக வருமா?’ என்று சிலர் ஐயுறுவர். ஐயம் நியாயமானதே. ஆயினும், பிழையான உச்சரிப்பைப் பின்னர்த் திருத்தலாம். வாய் திறவாமல் வளர்ந்த குழந்தையின் கூச்சத்தைப் போக்குதல் அரிது.

தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலத்தில் ஏற்படும் இடர்ப்பாடு அறியாமையன்று. இரு மொழிகளின் இயல்பு வேறு. ‘பட்’, ‘புட்’ என்னும் ஆங்கிலச் சொற்களில் நடுவெழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்னும் சொல்லின் முதலில் ‘கே’ எழுத்து ஒலியின்றி நிற்கிறது. ‘அம்மா பூத் தொடுக்கிறாள்’ என்று வினையை இறுதியில் வைத்துப் பேசிய குழந்தை, ‘அம்மா தொடுக்கிறாள் பூ’ என்னும் வரிசைக்கு மாற வேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டைத் தமிழிலேயே விளக்கும்போது ‘எனக்கு வராது’ என்னும் தாழ்வெண்ணம் கரைகிறது.

வீட்டின் பரபரப்பும் பாடமாகலாம். பூட்டையும் சாவியையும் ஆங்கிலத்தில் சொல்லலாம், தொடுக்கும் பூக்களை எண்ணலாம், ‘அப்பா எங்கே?’ என்று கேட்டு விடை பெறலாம். கண்முன் காணும் பொருளோடு சேர்ந்த சொல் மனத்தில் தங்கும்.

தொண்டும் கடமையும்

எனினும், தொண்டினைப் போற்றும் சமூகம் ஒன்றை மறத்தலாகாது. இத்திட்டத்தில் தன்னார்வலர்க்கு அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். தம் வீட்டு வேலைகளுக்கிடையே ஒதுக்கும் நேரத்துக்கு அஃது ஈடாகாது. தன்னார்வலர் இருக்கிறார் என்பதால் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாதிருத்தல் முறையன்று. பள்ளி மரமெனில் முற்றத்து வகுப்பு அதன் வேருக்கு ஊற்றும் நீர். மரத்துக்கு மாற்றாக நீர் அமையாது. தன்னார்வலர்க்குத் தொடர்ந்த பயிற்சி வேண்டும். பாடநேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தும் பொறுப்பு வீட்டாருக்கு வேண்டும்.

1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். கல்வியையும் சிற்றூர் வாழ்வையும் இணைக்கும் நோக்கம் அந்நிலத்துக்குப் புதியதன்று. அதனைத் தொடரப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மேல்நிலை வகுப்பில் பயிலும் ஒருவர் அண்டை வீட்டுக் குழந்தை படிப்பதை நாள்தோறும் அரைமணி நேரம் அமர்ந்து கேட்டாலே போதும். தடுமாறி வரும் முதல் ஆங்கிலத் தொடரைக் கேட்டு நகையாத செவி ஒன்று கிடைத்துவிட்டால், அக்குழந்தை இரண்டாம் தொடரைத் தானே சொல்லும்.