கோப்பைக் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்

லினக்ஸில் ஃபிளாட்பேக் முறையில் வரும் செயலிகள் தனித்தனிக் கூண்டுக்குள் ஓடுகின்றன என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவற்றில் பல, நம் 'ஹோம்' கோப்புறை முழுவதையும் பார்க்கும் உரிமையோடேயே வந்து இறங்குகின்றன. ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு, பேத்தி படம் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. பிறகு கூண்டு எதற்கு?

அலுவலக ரெக்கார்டு ரூமில் சீட்டு எழுதிக் கொடுத்தால், கேட்ட கோப்பு மட்டும் வெளியே வரும், சாவி கைமாறாது. ஃபிளாட்பேக்கிலும் அதே ஏற்பாடு உண்டு. 'போர்ட்டல்' என்று பெயர். நாம் தேர்ந்தெடுத்துக் காட்டும் கோப்பு மட்டுமே செயலிக்குக் கிடைக்கும். செயலி எழுதுபவர்கள் இந்த வழியில்தான் வரவேண்டும் என்பது என் கட்சி. வீடியோவுக்குப் பக்கத்திலுள்ள சப்டைட்டிலும் வேண்டுமே என்பார்கள். அந்தக் கோப்புறையை மட்டும் கேட்கட்டுமே!

பிரெஞ்சில் 'பெர்மிசியோன்' என்றால் ராணுவ விடுப்பு என்றும் பொருள். எங்கள் புதுச்சேரி சொல்தாக்களுக்கு அது தெரியும்; விடுப்பென்றால் திரும்பும் நாளும் உண்டு. செயலிக்குத் தந்த இந்த அனுமதிக்கோ நாள் கிடையாது. நாம்தான் திரும்பப் பெறவேண்டும். 'ஃபிளாட்சீல்' செயலியில் ஃபைல்சிஸ்டம் பகுதிக்குப் போய் அதை அணைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் வேலை தடையில்லாமல் நடந்தால், அவ்வளவு பெரிய உரிமை தேவையே இல்லை என்று பொருள்.