போனை எங்கே வைப்பது?

வெள்ளவத்தை காலி வீதியில் எங்களிடம் படித்த பிள்ளை ஒருவரைக் கண்டோம். மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் போன், கண் மெப்பில். "ஹோல்டர் வாங்கினேன் சேர், பள்ளத்தில விழுந்து போன் உடைஞ்சிட்டுது" என்றார்.

ஏசவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒன்று செய்து கொடுத்தோம். பிவிசி பைப் துண்டைச் சூடாக்கித் தட்டையாக்கி, அதில் பழைய போன் கவரைப் பொருத்தினோம். ஹாண்டிலில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, அதன் மேல் கிளாம்ப். ரப்பர் முக்கியம்: இன்ஜின் அதிர்வு போன் கெமராவைப் பழுதாக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் கம்பனியே எச்சரித்தது. கழன்றாலும் விழாமல் ஒரு கயிறு. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தோம். எங்கும் தட்டவில்லை, மீட்டரும் மறையவில்லை.

"இந்தப் பொடியன்கள் போனைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள்" என்று சொல்வது லேசு. சாப்பாடு சூடாக, சுருக்காக வரவேண்டும் என்று ஓடர் பண்ணுவதும் நாங்கள்தானே? பெயர் போட்ட பையைப் போல உறுதியான ஹோல்டரையும் கம்பனிகள் கொடுக்கட்டும். அதுவரை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் செய்து கொடுப்போம்.

தம்பிமாரே, ஹோல்டர் இருந்தாலும் விலாசம் அடிப்பது ஓரமாக நிறுத்திய பிறகுதான். வீட்டில் உம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.