செடிக்கு எதுக்கு பல்பு?

ஓசூர் பக்கம் ஒரு வங்கியில் விவசாய அதிகாரியாக இருந்தபோது நான் செய்த தவறு ஒன்றை இப்போதாவது எழுதிவிட வேண்டும். பசுமைக்குடிலில் சாமந்தி போட ஒரு விவசாயி கடன் கேட்டு வந்தார். மதிப்பீட்டில் பல்பு, ஒயர், டைமர் என்று ஒரு வரி இருந்தது. "செடிக்கு எதுக்குங்க பல்பு? வெயில் பத்தலையா?" என்று கேட்டு, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவர் இரண்டு முறை விளக்கிப் பார்த்தார். ஆபீசர் அல்லவா, என் காதில் ஏறவில்லை.

நட்ட நாற்று ஒரு முழம்கூட வளராமல் மொட்டு வைத்துவிட்டது. கொய்மலர் என்றால் இரண்டடியாவது காம்பு வேண்டும். குட்டைக் காம்பை பெங்களூர் வியாபாரி தொடமாட்டார். உதிரிப்பூவாக வந்த விலைக்குத் தள்ளினார். முதல் தவணையே கட்ட முடியவில்லை. என்னைக் குறை சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசாததுதான் இன்றும் உறுத்துகிறது.

அப்புறம்தான் படித்தேன். சாமந்தி, இரவு நீண்டால் பூக்கிற செடி. பகல் சுமார் 13½ மணி நேரத்துக்குக் கீழே போனால் மொட்டு கட்ட ஆரம்பித்துவிடும். ஓசூரில் ஜூன் மாதப் பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. ஆக, நம் ஊர் நாற்றுக்கு வருஷம் பூராவும் பூக்கும் பருவம்தான். நடுராத்திரியில் மூன்று, நான்கு மணி நேரம் விளக்கு எரிந்தால் நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாக உடைந்துபோகும். செடி மொட்டை மறந்து தண்டு வளர்க்கும். போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்தினால் போதும், பூ வந்துவிடும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை கார்னர், அல்லார்ட் என்ற அமெரிக்கர்கள் 1920லேயே எழுதிவிட்டார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

இது இயற்கைக்கு விரோதம் என்கிறார் என் வாக்கிங் நண்பர். போர்வெல் மட்டும் இயற்கையா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

போன மாதம் தம்பி மகன் ஒரு கொட்டேஷனோடு வந்தான். சாமந்தி நாற்றுக்கு ஊதா நிற எல்.இ.டி. விளக்குகளாம், விலை லட்சக்கணக்கில். "ஹாலந்துல எல்லாம் இதுதான் பெரியப்பா" என்றான். ஹாலந்தில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, அதுவும் மேகமூட்டம். அங்கே விளக்குதான் செடிக்குச் சாப்பாடு. நமக்குச் சாப்பாட்டைச் சூரியனே போட்டுவிடுகிறது. இங்கே விளக்கு, செடியை ராத்திரியில் தட்டி எழுப்பத்தான். அதற்கு மங்கலான வெளிச்சம் போதும், அதில் சிவப்பு இருந்தால் சரி. மஞ்சள் வெளிச்சம் தரும் சாதாரண எல்.இ.டி. பல்புகளை இருட்டு மூலை விழாதபடி சீராகத் தொங்கவிட்டாலே வேலை முடிந்தது. பல்பே வேண்டாம் என்ற அன்றைய நானும், ஹாலந்து விளக்கை இங்கே விற்க வருகிறவரும் என் கணக்கில் ஒன்றுதான். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து விலை கொடுப்பது விவசாயி.

ராயக்கோட்டைப் பக்கம் ராத்திரி பதினொரு மணிக்குப் போய் ஒரு சாமந்தித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாடா என்று அவனை அனுப்பியிருக்கிறேன். கொட்டேஷன் என் மேஜை மேல்தான் கிடக்கிறது.