ஓரமாகப் போ!

சென்ற மாதம் எமது பாடசாலை மாணவன் ஒருவன் யாழ்ப்பாணப் பட்டினத்து வீதியொன்றில் சைக்கிளோடு விழுத்தப்பட்டான். நிறுத்தி வைக்கப்பட்டிருந்த காரொன்றின் கதவு சடுதியாகத் திறந்தது. அதில் மோதுண்டு வலப்புறமாய் விழுந்தவனைப் பின்னால் வந்த மினிபஸ் உரசிச் சென்றது. எழுதும் கை முறிந்தது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கோ சில வாரங்களே இருந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஒரு கையில் தோடம்பழமும் மறு கையில் புத்திமதியும் கொண்டுவந்தார்கள். "தம்பி, ஓரமாகப் போயிருக்கலாமே!" கதவைத் திறந்த கனவானும் அதையே சொல்லிச் சென்றாராம்.

ஓரம்! அந்த ஓரம் எங்கே இருக்கிறதென்று இப்பெரியவர்கள் ஒருநாளாவது இறங்கிப் பார்த்ததுண்டா? தாரின் விளிம்பிலிருந்து ஒரு சாண் பள்ளம், அப்பால் மணல், அதற்கும் அப்பால் மூடியற்ற கான். மூடியுள்ள இடத்திலோ சீமெந்துப் பலகை உடைந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் பள்ளமும் கானும் ஒன்றாகி விடுகின்றன. எஞ்சிய ஓரத்தைக் கடைக்காரரின் சாமான்களும், நிறுத்திய வாகனங்களும் பிடித்துக்கொள்கின்றன. அதையும் கடந்தால், முந்திச் சென்ற பஸ் தரிப்பிடத்தைக் கண்டதும் இடப்பக்கம் வெட்டி, சைக்கிளுக்குக் குறுக்கே நிற்கிறது. எங்கள் மாணவன் ஓரமாகப் போனபடியினாலேதான் கதவு அவனைத் தாக்கியது! நடுவே போயிருந்தால் மினிபஸ் தாக்கியிருக்கும். அப்போது இதே பெரியவர்கள், "நடுவீதியில் ஏன் போனான்?" என்று கேட்டிருப்பார்கள்.

சைக்கிள்காரர் குற்றமற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. விளக்கின்றிச் செல்கிறார்கள், மூவர் சேர்ந்து கதை பேசிக்கொண்டு செல்கிறார்கள், எங்கள் மாணவர்களை நானே கண்டித்திருக்கிறேன். ஆயினும் சைக்கிள்காரன் தவறினால் பெரும்பாலும் அவனுடைய எலும்பே முறிகிறது; மோட்டார்காரர் தவறினாலும் அவனுடைய எலும்பே முறிகிறது. பௌதிகம் படிப்பிக்கும் நண்பர்கள் அறிவார்கள்: வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வண்டி ஒருவனை விழுத்தும். 60 இல் வரும் அதே வண்டி அவனைக் கொன்றுவிடக்கூடும். இந்த நான்கு மடங்கை உண்டாக்குபவர் ஒருவர், அதற்கு உடலால் வரி செலுத்துபவர் மற்றொருவர். இதற்கு நாம் இட்டிருக்கும் பெயர் "விபத்து".

நன்றி மறப்பதிலும் நாம் வல்லவர்கள். பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில் இக்குடாநாட்டைச் சுமந்தது எது? நோயாளியும் விறகும் நெல்லும் சைக்கிளிலேதான் போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, முதியோரையும் மூட்டைகளையும் ஏற்றி இரவிரவாக உருட்டிச் சென்றதும் அதே சைக்கிள்தான். 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது உத்தியோகத்தர்களும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். அதன் விலை கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறிற்று. எரிபொருள் திரும்பியதும் மறுபடி "ஓரமாகப் போ!" யுத்தத்துக்குப் பின் அகட்டி, காப்பெற் போட்ட வீதிகளில் வேகத்துக்கு இடம் கண்டவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மூன்று அடி ஒதுக்க மறந்து போனார்கள்.

இதெல்லாம் விதி என்போர் ஒல்லாந்தைப் பார்க்கட்டும். சைக்கிளின் சொர்க்கம் என்று இன்று புகழப்படும் அந்நாட்டில், 1971 ஆம் ஆண்டில் மட்டும் 3,000 பேருக்கு மேல் வீதியில் மாண்டார்கள். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972 இல் இதைக் குழந்தைக் கொலை என்றே எழுதினார். அப்பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோர் பிள்ளைகளுடன் வீதியை மறித்தார்கள். 1973 இன் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. எங்களுக்கும் நெருக்கடி வந்ததுதான். அவர்கள் அதற்குப் பின் பாதை கட்டினார்கள், நாங்கள் எண்ணெய் வந்ததா என்று மட்டும் பார்த்திருந்தோம். அங்கே சைக்கிள் பாதை ஒருவர் இட்ட பிச்சையன்று, கேட்டுப் பெற்றது.

நாம் கேட்பதும் ஆகாயத்து மலரன்று. சனங்களும் வாகனங்களும் கலந்து செல்லும் வீதிகளில் 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம் கூடாதென்று 2020 இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக மாநாடு பிரகடனம் செய்துவிட்டது. பாடசாலை வீதிகளிலாவது அதை நடைமுறைப்படுத்துங்கள். கானுக்கு மூடி போடுங்கள். பஸ் நிற்க இடமும் சைக்கிள் போக இடமும் வேறாக்குங்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த பெற்றார் கூட்டத்தில் சீருடையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுமுன், எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள், எந்தச் சந்தியில் விழுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுங்கள். அக்கணக்கோடு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மாநகரசபை வாசலுக்குப் போவோம்.

மாணவனுடைய கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. சைக்கிளை மட்டும் தகப்பனார் திருத்திவிட்டார். ஹான்டிலின் இரு முனைகளையும் இரண்டு அங்குலம் வீதம் அரிந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "இனிக் கொஞ்சம் ஒடுங்கிப் போவான், சேர்" என்றார்.