வகுத்தலும் அரசின் கடனே

பொருள் வரும் வழிகளை ஆக்குதல், வந்ததைத் திரட்டுதல், திரட்டியதைப் பேணுதல் என்பவற்றோடு நில்லாது, அதனை வகுத்தலையும் அரசின் திறத்துள் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். முன்னைய மூன்றும் நிகழ்ந்து இறுதியது பிழைப்பின், அவ்வரசு கணக்கில் வல்லதாகலாமேயன்றி முறையில் வல்லதாகாது. இவ்வுண்மையை ஏட்டிற் கற்பிக்கும் யாம், ஊவாவின் மலைச்சரிவுகளில் அதனைக் கண்ணாற் காண்கின்றோம்.

பசறை, லுணுகலை, அப்புத்தளை, அல்துமுல்லைப் பகுதிகளிற் செல்வோர் ஒன்றை எளிதில் உணர்வர். பிரதேச சபை செப்பனிட்ட பாதை கிராமத்தோடு முடிகின்றது. தோட்டம் தொடங்குமிடத்திற் கல்லும் சேறும் தொடங்குகின்றன. மழைக்காலத்தில் லயங்களிலிருந்து வரும் எம் மாணவர் செருப்பைக் கையிலேந்தி வந்து, பள்ளி வாயிலிற் கால் கழுவியே வகுப்பினுட் புகுவர்.

இது மழையின் குற்றமன்று, சட்டத்தின் வரலாறு. 1930களிற் கிராமச் சங்கங்களின் வாக்குரிமை விரிக்கப்பெற்றபோது தோட்டத் தொழிலாளர் புறத்தே நிறுத்தப்பட்டனர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. பின்னர்ப் பல்லாண்டு முயற்சியாற் குடியுரிமையும் வாக்கும் மீண்டபோதும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுதற்குத் தடையாக நின்றது. தோட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் உரிமையுடைய சபை, அந்நிலத்தில் வாழ்வார்க்கு ஒரு கிணறு வெட்டுதல் ஆகாதென்பது என்ன முறை? அவர்தம் வாக்கைப் பெற்று அமைந்த சபையன்றோ அது?

2018இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. கதவு திறந்தது, ஆயினும் பணப்பை பெருகவில்லை. முன்னர்க் கிராமங்களுக்கே போதாதிருந்த வருவாயைக் கொண்டு தோட்டங்களையும் பேணுக என்பது, ஒரு படி அரிசியைக் கொடுத்து இருமடங்கு விருந்தினரை அனுப்புதலை ஒக்கும்.

தோட்டத்தார் நலன் கம்பனிகளின் பொறுப்பன்றோ எனச் சிலர் வினவுவர். தொழில் பற்றிய பொறுப்பு அவர்களதே. ஆனால் லயங்களில் வாழ்வோருட் பலர் இன்று தோட்டப் பதிவேட்டில் இல்லாதோர். பாதையும் குடிநீரும் குப்பையகற்றலும் வேலைக்குக் கிடைக்கும் கூலியல்ல, குடிமக்களுக்குரிய பொதுப்பணிகள். நிலம் கம்பனிகளின் குத்தகையில் இருத்தலின் அவற்றோடு கலந்து செய்யவேண்டுவது உண்மை. அது காலத்தாழ்வுக்குக் காரணமாகலாமேயன்றி மறுப்புக்குக் காரணமாகாது.

கந்தகெட்டியவிலும் மீகஹகிவுலவிலும் வாழும் சிங்கள உழவரும் வறியரே. அவர் பங்கைப் பறித்து எமக்குத் தருக என்று யாம் கேளோம். மாகாணங்களின் தேவைக்குப் போதிய நிதியை அரசு ஒதுக்குதல் வேண்டும் என்பது 13ஆம் திருத்தத்தின் விதி. மாகாணங்களிடையே ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நோக்கோடு பகிர்வினைப் பரிந்துரைப்பது நிதி ஆணைக்குழுவின் பணி. ஆகவே முதலில் ஊவாவின் பங்கு உயர்தல் வேண்டும். அடுத்து, மாகாணம் தன் சபைகளுக்குப் பகிருங்கால், லயங்களின் மக்கள்தொகையும், தோட்டப் பாதைகளின் நீளமும், சரிவு நிலத்திற் பணி செய்வதன் மிகுசெலவும் அளவுகோலாதல் வேண்டும். எவ்வட்டாரத்துக்கு எவ்வளவு சென்றதென்பது தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளிப்படல் வேண்டும். 2014இற் றெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பலவாக ஆளுநரே மாகாணத்தை நடத்தினர். கேட்டற்கு உறுப்பினர் இல்லாதவிடத்து, வெளியிடப்பெற்ற கணக்கே மக்களின் வாயாகும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்தோமல்லோம். 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரித்தார் உளர், பொறுப்பேற்றுக் குடிபெயர்த்தற்குரிய கையும் நிதியும் எதுவெனத் தெளிவில்லை. ஈற்றில் மண்ணே முந்திக்கொண்டது. வகுத்தலிற் பிழைப்பது வெறும் கணக்குப் பிழையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?