மாதுங்காவில் ஒரு நாள்

சென்ற ஞாயிறன்று குடும்பத்துடன் மும்பையின் மாதுங்காவுக்குச் சென்றிருந்தோம். நண்பகலில், 1942 முதல் பசியாற்றிவரும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு. பின்னர்க் கடைத்தெரு. வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, தொடுத்த மல்லிகை, அப்பொழுதே அரைத்த காப்பிப்பொடி என ஊரின் மணம் அங்கே நம்மை எதிர்கொள்கிறது.

தெற்கிலிருந்து வந்தோர் இங்கே வயிற்றுக்கு மட்டும் வழிதேடவில்லை. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அருகிலுள்ள ஷண்முகானந்த அரங்கம் 1990இல் தீக்கிரையானபோதும் சோர்ந்துவிடாமல், அதனை மீண்டும் எழுப்பி 1998இல் திறந்தனர்.

கீரை விற்ற மராட்டிய மூதாட்டி, "முருங்கைக்கீரை இளசா இருக்கு, எடுத்துக்கோம்மா" என்று எங்கள் மகளிடம் தமிழிலேயே கூறினார். மகளோ இந்தியில் விலை கேட்டாள். மூதாட்டி சிரித்தார், நாங்கள் தலைகுனிந்தோம். வாடிக்கைக்காரரை மதித்து அவர் கற்றுக்கொண்ட மொழியை, பெற்றோராகிய நாங்கள் கற்பிக்கத் தவறினோம். குற்றம் குழந்தையுடையதன்று.

அன்றிரவு முதல், உணவுக்கு முன் ஒரு பக்கம் தமிழ் வாசிப்பு என்று விதி செய்துகொண்டோம். முதல் நாள் நான்கு வரிகளே நகர்ந்தன, ஆயினும் நகர்ந்தன. அன்பர்களே, உங்கள் இல்லத்தில் எப்படி? இவ்விதழைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.