விடியும் வரை விழித்திருப்பது யார்?



பக்கத்து லயத்துப் பிள்ளை ஒருத்திக்கு வானியல் படிக்க ஆசை. “பொம்பளப் பிள்ள ராத்திரியில மலையில தனியா நிக்கிறதா?” என்று தாய் மறுத்துவிட்டாள். எனக்கு அந்தத் தாயிடம் ஒரு செய்தி சொல்லவேண்டும்.

எல்ல மலையும் உயரம்தான். ஆனால் இங்கே பனிமூட்டமும் மழையும் அதிகம். தொலைகாட்டிக்கு வேண்டியது வறண்ட காற்றும் தெளிந்த வானமும். இந்தியாவில் லடாக்கிலுள்ள ஹன்லே அப்படியான இடம். சுமார் 4,500 மீற்றர் உயரம். நமது பிதுருதலாகல 2,524 மீற்றர்தான். குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும். மூச்சுவிடவே சிரமம்.

ஆகவே அங்குள்ள 2 மீற்றர் தொலைகாட்டியை 2000களின் தொடக்கத்திலிருந்தே பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸகோட்டையில் இருந்துகொண்டு செய்மதி வழியாக இயக்கினார்கள். 2018இல் இன்னொரு படி ஏறினார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பாய் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘குரோத் இந்தியா’ என்ற 0.7 மீற்றர் தொலைகாட்டியை அங்கே அமைத்தன. அது கணினியின் சொல்கேட்டுத் தானே திரும்பி, தானே படம் பிடிக்கும். வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களைப் போலத் திடீரெனத் தோன்றி மங்குபவற்றைப் பின்தொடர்வது அதன் முக்கிய வேலை.

இப்படி ஆளில்லாமல் இயங்கும் தொலைகாட்டிக்குக் கூரையைத் திறப்பது பெரிய காரியமல்ல. வேளையோடு மூடுவதே பெரிது. மழைக்கோலம் கண்டதும் காயப்போட்ட மிளகாயை ஓடிப்போய் அள்ளுகிறோம். நாம் கொழுந்து பறிக்கப் போயிருந்தால் அள்ளுவது யார்? அங்கே ஈரத்தையும் காற்றையும் மேகத்தையும் அளக்கும் கருவிகள் அந்தக் காவலைச் செய்கின்றன. அளவு மீறினால் கூரை மூடவேண்டும். மின்சாரமோ தொடர்போ அறுந்தாலும் மூடவேண்டும். ஓர் இரவுப் படம் போனால் மறுநாள் எடுக்கலாம். கண்ணாடியில் பனி விழுந்து பழுதானால் எளிதில் ஈடுசெய்ய முடியாது.

அப்படியானால் மனிதர் வேண்டாமா? எந்த அளவில் மூடுவது, எதை முதலில் பார்ப்பது என்று பகலிலேயே யோசித்து எழுதிவைப்பது மனிதர்தான். பழுது பார்ப்பதும், கிடைத்த படத்தில் புதியது எது என்று கண்டுபிடிப்பதும் அவர்களே. அதற்குக் கணிதமும் விஞ்ஞானமும் கணினியும் வேண்டும். இரவில் மலையில் தனியாக நிற்கவேண்டியதில்லை.

சகோதரிகளே, கூரை மூடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பிள்ளையின் ஆசையை மூடுமுன் நம் காரணம் இன்றும் செல்லுமா என்று ஒருமுறை விசாரித்துப் பார்ப்போம்.